இளைத்தது எது?



நம் ஊரில் ஒருவர் நாலைந்து கிலோ குறைத்துவிட்டால் முதலில் பாராட்டு வராது. "என்ன, ஒரேயடியா இளைச்சுட்டீங்க... சுகர் கிகர் இருக்கா?" என்ற விசாரிப்புதான் வரும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார், தெருமுனை மருந்துக்கடைக்காரர் கேட்பார். மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து நடந்தவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கேட்பவர் கண்ணில் படுவதையும் கொஞ்சம் யோசியுங்கள். கன்னம் ஒட்டியிருக்கிறது. சட்டைக் கை தொளதொளக்கிறது. தொடை சூம்பியிருக்கிறது. வயிறு மட்டும் போன வருடம் இருந்த அளவுக்கே இருக்கிறது. போன கிலோக்களில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று எடை மெஷின் பிரித்துச் சொல்வதில்லை. பக்கத்து இலைக்காரருக்கு அது ஓரளவு தெரிந்துவிடுகிறது.

உடற்பயிற்சி பற்றி எழுதும்போதெல்லாம் உங்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கார்டியோவில் எது நல்லது? நடையா, ஓட்டமா, சைக்கிளா, ஸ்கிப்பிங்கா? என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். கொழுப்பைக் குறைப்பதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு. தசையைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு எடை தூக்குவதற்கு. கார்டியோ இந்த இரண்டுக்கும் துணைக்கு வருவது. ஆகவே, எது அதிகக் கலோரியை எரிக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எதைச் செய்தால் மறுநாளும் உங்கள் கால் எடை தூக்கத் தயாராக இருக்குமோ, அதைத் தேர்ந்தெடுங்கள்.

தசைமேல் எதற்கு இவ்வளவு அக்கறை, நாம் என்ன ஆணழகன் போட்டிக்கா போகிறோம் என்று சிலர் கேட்கலாம். 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் ஒன்றேதான், 22.3. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடுபவர் என்றும், யாஜ்னிக்கின் ஓட்டமெல்லாம் காலையில் மருத்துவமனை லிஃப்ட்டின் கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைவதுதான் என்றும் படத்துக்குக் கீழே அவர்களே கிண்டலாகக் குறிப்பு எழுதியிருந்தார்கள். பிறந்தபோது யாஜ்னிக்கின் எடை குறைவு என்பதையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள்.

பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இது நம் மக்களிடம் அதிகம். அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்று மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்வது தசை. ஏற்கெனவே தசை குறைவாக உள்ள நாம், எடை குறைக்கிறேன் என்று அதையும் கரைத்துவிட்டால் பந்திக்காரரின் கேள்வி ஒருநாள் பலித்துவிடும்.

எவ்வளவு தசை போகும்? இதற்கு நல்ல விடை தந்த ஆய்வு ஒன்று 2017-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. உடல் பருமனுள்ள, 65 வயதைத் தாண்டிய 160 பேர் அதில் கலந்துகொண்டார்கள். எடை குறைப்பில் இருந்தவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கார்டியோ மட்டும், இன்னொன்றுக்கு எடைப் பயிற்சி மட்டும், மூன்றாவதற்கு இரண்டும் கொடுத்தார்கள். சாப்பாட்டுக் கட்டுப்பாடு மூன்று பிரிவுக்கும் உண்டு. ஆறு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தால் மூன்று பிரிவிலும் எடை ஒரேபோல 9 சதவீதம் குறைந்திருந்தது. கொழுப்பல்லாத உடல் எடை மட்டும் அப்படி இல்லை: கார்டியோ பிரிவில் 5 சதவீதம் போயிருந்தது, இரண்டும் செய்தவர்களிடம் 3, எடை மட்டும் தூக்கியவர்களிடம் 2. இடுப்பெலும்பின் அடர்த்தி கார்டியோ பிரிவில் 3 சதவீதம் குறைந்தது, இரண்டும் செய்தவர்களிடம் 1 சதவீதம்தான். நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது போன்ற அன்றாடத் திறனில் அதிகம் முன்னேறியவர்கள் இரண்டையும் செய்தவர்களே. அவர்களுக்கு 21 சதவீத முன்னேற்றம், மற்ற இரு பிரிவினருக்கும் 14.

அப்பா, அம்மா, மாமியாரை "டாக்டர் சொன்னாரில்ல, நடங்க" என்று பூங்காவுக்கு அனுப்பிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். நடக்கட்டும். அதோடு வீட்டில் நாற்காலியைப் பிடிக்காமல் பத்து முறை உட்கார்ந்து எழவும் சொல்லுங்கள்.

சரி, எடை தூக்குகிறவர் கார்டியோ செய்தால் தசை போய்விடும் என்று ஜிம் பையன்கள் பயமுறுத்துகிறார்களே, அது உண்மையா? அந்தப் பயத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. ராபர்ட் ஹிக்சன் என்பவர் பளு தூக்குவதில் ஆர்வம் உள்ள அமெரிக்க ஆய்வாளர். செயின்ட் லூயிஸில் ஜான் ஹாலோசி என்ற பேராசிரியரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார். பேராசிரியர் ஓட்டப் பிரியர். அவரோடு இவரும் தினமும் ஓட, பலமும் தசையும் குறைவது தெரிந்தது. பின்னால் சிகாகோவில் சொந்தமாக ஆய்வு செய்யும் வாய்ப்பு வந்ததும் இதையே சோதித்துப் பார்த்து 1980-இல் வெளியிட்டார். பத்து வாரப் பயிற்சி. எடை மட்டும் தூக்கியவர்களின் கால்பலம் கடைசிவரை ஏறியது. ஓட்டமும் சைக்கிளும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஏழு வாரம் வரை ஏறி, பிறகு நின்று, கடைசியில் இறங்கியது.

இந்த முடிவை மேற்கோள் காட்டுகிறவர்கள் பயிற்சியின் அளவைச் சொல்வதில்லை. வாரம் ஐந்து நாள் எடை, ஆறு நாள் கடும் கார்டியோ. மொத்தம் 11 பயிற்சி! நம்மில் யார் அப்படிச் செய்யப்போகிறோம்? 2012-இல் இருபத்தொரு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தசைக்கும் பலத்துக்கும் தடையாக வருவது சைக்கிளைவிட ஓட்டம்தான் என்றும், நேரமும் நாட்களும் கூடக்கூடத் தடையும் கூடுகிறது என்றும் தெரிந்தது. 2022-இல் வந்த இன்னும் பெரிய தொகுப்பு, தசை வளர்ச்சிக்கும் பலத்துக்கும் கார்டியோவால் சொல்லத்தக்க பாதிப்பு இல்லை என்றது. குதிப்பது, பாய்வது போன்ற திடீர் வேகத்தில்தான் சற்றுக் குறைவு, அதுவும் இரண்டையும் ஒரே வேளையில் அடுத்தடுத்துச் செய்தால். எனவே பயம் வேண்டாம். ஆனாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்பவருக்கு உடம்பு தேறக் கிடைக்கும் தீனி குறைவு. வரவு குறைந்த மாதத்தில் செலவை யோசித்துச் செய்வதுபோல அவர் கார்டியோவையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

அந்த வகையில் நடைதான் என் முதல் தேர்வு. அதன் பலவீனத்தை மறைக்காமல் சொல்கிறேன். 70 கிலோ எடை உள்ளவர் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 180, 200 கலோரி. திரும்பி வரும் வழியில் நண்பர்களோடு சாப்பிடும் இரண்டு மெதுவடையும் ஒரு காபியும் அதைச் சரிக்கட்டிவிடும். ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் நடையை மட்டும் நம்பினால் ஒரு கிலோ குறைய நாற்பது நாள் ஆகும், அதுவும் வடைக்கடைப் பக்கம் போகாமல் இருந்தால்.

இருந்தும் நடையை ஏன் முன்னால் வைக்கிறேன்? அது உடம்பிடமிருந்து எதையும் பிடுங்கிக்கொள்வதில்லை. மறுநாள் தொடை வலிக்காது, மூட்டு முனகாது, பசி பேயாய் வராது. தினமும் செய்யலாம், பிரித்துப் பிரித்தும் செய்யலாம். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ரத்தச் சர்க்கரையின் ஏற்றமும் மட்டுப்படும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்தின் அளவு. அது போதவில்லை என்றால் ஓட வேண்டாம், மேடேறுங்கள். டிரெட்மில்லில் சரிவை ஏற்றி, முன்கம்பியைப் பிடித்துத் தொங்காமல் நடங்கள். வெளியில் என்றால் மேம்பாலம், மொட்டை மாடிப் படி, பக்கத்து மலைக்கோயில். படியில் ஏறும்போது மூச்சு வாங்கினாலும் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார வைப்பது பெரும்பாலும் இறங்கியதுதான். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் நுண்ணிய சிதைவு அதிகம். படி புதிது என்றால் சில நாள் ஏறுவது படியில், இறங்குவது லிஃப்ட்டில் என்று வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கியது. உங்கள் ஊரில் அந்தப் பாதை எங்கே என்று விசாரித்துப் பாருங்கள்.

அடுத்து சைக்கிள். மிதிக்கும்போது தசை சுருங்கித்தான் வேலை செய்கிறது, தரையில் மோதுவது கிடையாது. அதனால் எடைப் பயிற்சியோடு நன்றாக ஒத்துப்போகும். கனத்த உடம்புக்காரருக்கும் முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கும் உகந்தது. சீட்டை மட்டும் சரியான உயரத்தில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறத்தாழ நீண்டிருக்க வேண்டும், சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும். பல வீடுகளில் துண்டு காயப்போட மட்டும் பயன்படும் அந்த நிற்கும் சைக்கிளை இறக்கித் துடைத்து வைக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

நீச்சல், குளமும் நேரமும் வாய்த்தவர்களுக்கு. மூட்டுக்கு நல்லது. கரையேறியதும் வரும் பசிக்கு மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஸ்கிப்பிங் மலிவு, ஆனால் கெண்டைக்காலுக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும் பாடு.

ஓட்டத்தை நான் குறை சொல்லவில்லை. கடற்கரைச் சாலையில் விடியலில் ஓடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அது வெறும் கலோரிக் கணக்கு அல்ல. ஏற்கெனவே ஓடிப் பழகியவர்கள் வாரம் இரண்டு மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டு தொடரலாம். ஆனால் எடை குறைக்க வேண்டும் என்பதற்காகவே முதல்முறையாக ஓடத் தொடங்குகிறவருக்கு அது சரியான இடமல்ல. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. முதலில் கொஞ்சம் குறையுங்கள், பிறகு ஓடுங்கள்.

இப்போதைய மோகம் 'ஹிட்' எனப்படும் விட்டுவிட்டுச் செய்யும் தீவிரப் பயிற்சி. அதில் டபாட்டா என்ற பெயர் படும் பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜப்பானிய ஸ்கேட்டிங் பயிற்சியாளர் ஒருவர் தன் வீரர்களுக்குக் கொடுத்துவந்த பயிற்சியை இசுமி டபாட்டா என்ற ஆய்வாளர் சோதித்து 1996-இல் வெளியிட்டார். சைக்கிளில் 20 விநாடி உயிரைக் கொடுத்து மிதி, 10 விநாடி ஓய்வு, மறுபடி மிதி. ஏழெட்டுச் சுற்றில் இளம் விளையாட்டு மாணவர்களே தளர்ந்துவிட்டார்கள். மொத்தம் நான்கு நிமிடம். அவர் அளந்ததும் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனையும் வேகமாக உழைக்கும் திறனையும்தான், தொப்பையை அல்ல. இன்று முக்கால் மணி நேர 'டபாட்டா வகுப்பு' என்று பலகை தொங்குகிறது. முக்கால் மணி நேரம் செய்ய முடிகிறது என்றாலே அது டபாட்டா இல்லை.

பயிற்சி முடிந்தும் நாள் முழுக்கக் கொழுப்பு எரியும் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். அந்தப் பின்செலவு உண்மைதான். ஆனால் பயிற்சியில் செலவானதில் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் வரும். நிதானமான கார்டியோவோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் கொழுப்புக் குறைவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கிறது. மிச்சமாவது நேரம். இதய நலத்துக்கும் ஹிட் நல்லது. சாப்பாட்டைக் குறைத்திருக்கும் காலத்தில் வாரம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், சைக்கிளில் செய்யுங்கள். அதைக் காலுக்கான பயிற்சி நாள் என்றே கணக்கில் எழுதுங்கள். இந்தப் பயிற்சிக்கு ஆசைகாட்ட, ஜிம் சுவரில் குறுந்தூர ஓட்ட வீரர் உசைன் போல்ட் படத்தையும் ஒரு மாரத்தான் வீரர் படத்தையும் அருகருகே ஒட்டி, எந்த உடம்பு வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். போல்ட்டின் தொடை பிறவியும் பளுவும் சேர்ந்து தந்தது. டிரெட்மில்லில் அரை நிமிடம் பறப்பதால் வருவதில்லை.

டிரெட்மில்லில் 'ஃபேட் பர்ன்' என்று ஒரு பொத்தானும் இருக்கும். மெதுவாகப் போகும்போது செலவாகும் சக்தியில் கொழுப்பின் பங்கு அதிகம் என்பது சரிதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் எது எரிந்தது என்பதல்ல, நாள் முழுக்க உள்ளே போனதும் வெளியே செலவானதும்தான் கணக்கு. வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு அதிகம் கரையும் என்பதும் இதே வகை நம்பிக்கை. 2014-இல் இருபது இளம்பெண்களை வைத்து நான்கு வாரம் சோதித்தார்கள். சாப்பிட்டுவிட்டுச் செய்தவர்களுக்கும் வெறும் வயிற்றோடு செய்தவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் இல்லை. உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம்.

எடைப் பயிற்சிக்கு வருகிறேன். வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலிலும் இருக்கிறது. அன்று கார்டியோவும் உண்டு என்றால் எடை முதலில், கார்டியோ பிறகு. முடிந்தால் ஒன்று காலையில், ஒன்று மாலையில். உடம்பு குறைக்கும் நாட்களில் ஜிம்மில் பலர் கனத்தைக் குறைத்துவிட்டு முப்பது முறை, நாற்பது முறை என்று வீசிக்கொண்டிருப்பார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும். கனத்தை அப்படியே வைத்துக்கொண்டு, களைப்பாக இருந்தால் செட்டுகளில் ஒன்றிரண்டைக் குறையுங்கள். இந்தத் தசை இன்னும் தேவைப்படுகிறது என்று உடம்புக்குத் தெரிவிப்பது அந்தக் கனம்தான். ஜிம்முக்குப் போக வழியில்லாத வாசகியருக்கு: ஸ்குவாட், சுவரில் கை ஊன்றிய தண்டால், தோள்பையில் அரிசிப் பையை வைத்துப் படி ஏறுவது. தண்ணீர் கேன் நிறைந்திருந்தால் இருபது கிலோ. முதுகு நேராக, இடுப்பை மடக்கித் தூக்கப் பழகினால் அதுவே டெட்லிஃப்ட். ஆனால் எடுத்த எடுப்பில் முழுக் கேன் வேண்டாம், கால்வாசியில் தொடங்குங்கள்.

சாப்பாட்டில் நம் குறை புரோட்டீன். மூன்று இட்லியும் சாம்பாரும் சேர்ந்தாலும் பத்து கிராமைத் தொடுவது கஷ்டம். சாதாரண நாளுக்கே ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் வேண்டும் என்கிறது நம் நாட்டுப் பரிந்துரை. எடை குறைக்கும்போது 1.2-க்கு மேல் போவது நல்லது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில் நாற்பது இளைஞர்களுக்கு நான்கு வாரம் சாப்பாட்டை 40 சதவீதம் குறைத்து, வாரம் ஆறு நாள் எடையும் தீவிரக் கார்டியோவும் கொடுத்தார்கள். கிலோவுக்கு 1.2 கிராம் புரோட்டீன் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது, தசை அப்படியே நின்றது. 2.4 கிராம் சாப்பிட்டவர்களுக்கு 4.8 கிலோ கொழுப்பு போனதோடு, கொழுப்பல்லாத எடை 1.2 கிலோ கூடியும் இருந்தது. அவ்வளவு கடுமையை வீட்டில் முயல வேண்டாம், அது ஆய்வாளர்கள் மேற்பார்வையில் நடந்தது. ஆனால் திசை தெளிவு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 வாக்கில், நூறு கிராம் மீனில் 20 வாக்கில். நவராத்திரி ஒன்பது நாளும் விதவிதமாகச் சுண்டல் செய்கிற நாம் மீதி நாட்களில் ஏன் பிஸ்கட்டைத் தேடுகிறோம் என்பது எனக்கு விளங்காத விஷயம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரோட்டீனைக் கூட்டாதீர்கள்.

எடை மெஷினோடு ஒரு தையல் டேப்பும் வாங்கி வையுங்கள். வாரம் ஒருமுறை, காலையில், தொப்புள் மட்டத்தில் அளந்து காலண்டரில் குறித்துவையுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80-ம் எல்லை. வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைந்தால் போதும். டேப்பும் இறங்கி, தூக்கும் கனமும் நிலையாக நின்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த கார்டியோ சரி. எடை மட்டும் சரசரவென்று இறங்கி, போன மாதம் தூக்கியதை இந்த மாதம் தூக்க முடியவில்லை என்றால் கார்டியோவில் ஒரு நாளைக் குறைத்துத் தட்டில் ஒரு முட்டையையோ ஒரு கிண்ணம் பயறையோ கூட்டுங்கள்.

உங்கள் வட்டாரத்தில் பயறு, கொள்ளு, மொச்சை, கருவாடு கொண்டு செய்யும், வெளியூருக்குத் தெரியாத சமையல் எதுவும் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அளவு, செய்முறை, எத்தனை பேருக்கு என்பதெல்லாம் இருக்கட்டும். தேர்ந்தெடுத்தவற்றை அடுத்த இதழில் சமையல் பகுதியில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்